காம்புப் பக்கம்

பெரிய மருமகளின் நாக்கைப் பற்றிச் சந்தையில் இரண்டு விதமாகப் பேசுவார்கள். முலாம்பழத்தில் ஒரு கீற்றை நுனிநாக்கில் வைத்தால் போதும், அந்தப் பாத்தியில் நாளைக்கே கத்தி வைக்கலாமா, இன்னும் நாலு நாள் பொறுக்க வேண்டுமா என்று சொல்லிவிடுவாள் என்பது ஒன்று. அதே நாக்கால் எதிரில் நிற்கிற ஆளைத் தோலுரித்துத் தொங்கவிட்டுவிடுவாள் என்பது இன்னொன்று. இரண்டும் உண்மைதான். நாக்குக்காரி என்ற பெயர் அவளுக்கு எதற்காக வந்தது என்று யாரோ கேட்டதற்கு ஏலக்கடைக்காரர், "ரெண்டுக்கும் சேத்துதான்" என்றாராம்.

அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது. பத்தொன்பது வருஷமாக அந்தத் தோட்டத்தில் அவள் சொல்லாமல் ஒரு காய் கொடியை விட்டு இறங்கியதில்லை. மாமனாருக்குச் சர்க்கரை. இருபது வருஷமாக மாத்திரையோடு காலம் தள்ளுகிறவர். பழம் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். வண்டி வண்டியாக முலாம்பழம் விளைவிக்கிற மனிதருக்கு அதில் ஒரு துண்டு வாயில் போடக் கொடுப்பினை இல்லை. அதனால் கோடை வந்துவிட்டால் விடிந்ததும் விடியாததுமாகப் பாத்தி ஓரத்தில் வந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு பழத்தை அறுப்பாள், ஒரு கீற்று எடுப்பாள், வாயில் வைப்பாள். "என்னம்மா, ஆச்சா?" என்று கேட்பார். "ஆச்சு மாமா" என்பாள். இல்லாவிட்டால், "ஆகல" என்று துண்டை வேலிக்கு அந்தப் பக்கம் வீசிவிட்டு எழுந்துவிடுவாள். வேலிக்கு அந்தப் பக்கம் ஆடுகள் காத்திருக்கும். மூன்றாவது வார்த்தை கிடையாது. ஏன், எதனால் என்று அவர் கேட்டதும் இல்லை, அவள் விளக்கியதும் இல்லை.

இந்த ஏற்பாட்டில் மண் விழுந்தது கம்பெனிக்காரர் வந்த அன்றைக்கு.

பழத்தை வெட்டி டப்பாவில் அடைத்துக் கடைகளுக்கு அனுப்புகிற கம்பெனியில் கொள்முதல் பார்க்கிறவர் அவர். நல்ல மனிதர், சட்டைப் பையில் எப்போதும் கைக்குட்டை. இந்த வருஷமும் அடுத்த இரண்டு வருஷமும் தோட்டத்தில் விளைவதையெல்லாம் தானே எடுத்துக்கொள்கிறேன், சந்தைக்குப் போய் ஏலக்காரன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம் என்றார். ஒரே ஒரு நிபந்தனை. பழத்தின் இனிப்பு பன்னிரண்டு புள்ளி இருக்க வேண்டும். அந்தப் புள்ளியைப் பார்ப்பதற்கு ஒரு கருவியும், எழுதி வைப்பதற்கு ஒரு பதிவேடும் கொண்டுவந்திருந்தார்.

கருவி ஒரு சாண் நீளம் இருந்தது. வீட்டில் எல்லோரும் அதைக் குழல் என்றுதான் சொன்னார்கள். ஒரு முனையில் சாய்வாக ஒரு கண்ணாடி, அதற்கு மேல் ஒரு மூடி. கண்ணாடியில் பழச்சாறு ஒரு சொட்டு விட்டு மூடி, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்து மறுமுனையில் கண்ணை வைத்தால் உள்ளே நீலமும் வெள்ளையும் சந்திக்கிற இடத்தில் எண் தெரியும். சாற்றில் சர்க்கரை எவ்வளவு என்று அந்த எண் சொல்லிவிடும். மாமனாருக்குக் குழலைப் பார்த்ததும் வாயெல்லாம் பல். மாசா மாசம் தன் ரத்தத்தை எடுத்து எண் சொல்லிப் பயமுறுத்துகிறவர்களையே பார்த்துப் பழகியவர், முதல் தடவையாக எண் கூடினால் நல்லது என்கிற ஒரு வியாபாரத்தைக் கண்டார். "எனக்கு இருக்கறதுல கொஞ்சத்தை எடுத்து இதுல விட முடியாதா?" என்று கம்பெனிக்காரரிடம் கேட்டுவிட்டுத் தானே சிரித்தார்.

"யார் பாக்கப் போறீங்க?" என்று கம்பெனிக்காரர் கேட்டார். பெரியவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். வேறு யாராவது பார்ப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அப்போது கதவோரத்தில் நின்ற சின்ன மருமகள் மெல்லிய குரலில், கல்யாணத்துக்கு முந்தி பழச்சாறு ஆலையில் மூன்று வருஷம் இதே வேலைதான் பார்த்தேன் என்று சொன்னாள். கம்பெனிக்காரர் முகம் மலர்ந்து குழலைத் திருப்பி அவள் பக்கம் நீட்டினார். பெரியவளின் துடைத்த கை நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றது.

சின்னவள் கொழுந்தனைக் கட்டி வந்து இன்னும் இரண்டு வருஷம் நிறையவில்லை. கொழுந்தன் லாரி ஓட்டுகிறவன், வாரத்தில் நாலு நாள் வீட்டில் இருக்க மாட்டான். பெண் ஒடிசலாக இருப்பாள். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு அக்கா போடுவாள். சோறு போடட்டுமா அக்கா, துணி காஞ்சிடுச்சு அக்கா, மழை வரும்போல இருக்கு அக்கா. குழல் கைக்கு வந்த பிறகும் அக்காவை விடவில்லை. முதல் நாள் சுத்தமான தண்ணீர் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். கோடு சரியாக அடியில் போய் நின்றது. "தண்ணிக்குப் பூஜ்யம் காட்டணும்க்கா. காட்டினாத்தான் குழல் சரியா இருக்குன்னு அர்த்தம்" என்று பெரியவளைக் கூப்பிட்டுக் காட்டினாள். "தண்ணி தண்ணியாத்தான் இருக்குன்னு சொல்றதுக்கு ஒரு மிஷினா?" என்றாள் பெரியவள்.

அன்றிலிருந்து கொட்டகையில் வேலை இப்படிப் பிரிந்தது. பெரியவள் பழத்தை அறுத்துத் துண்டெடுத்துக் கொடுப்பாள். சின்னவள் பிழிந்து, குழலில் பார்த்து, எண் சொல்லி எழுதுவாள். சொல்கிற வாயாக இருந்தவள் அறுக்கிற கையாக ஆகிப்போனாள்.

பொறாமை என்று அவள் தனக்குள்ளேகூட ஒப்புக்கொள்ளவில்லை முதலில். கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணிக்கொண்டு மட்டும் இருந்தாள். சின்னவள் உட்கார மாமனார் வீட்டிலிருந்து முக்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். பத்தொன்பது வருஷம் பெரியவள் தரையில் குந்தித்தான் அறுத்தாள், அவளுக்கு முட்டி இருக்கிறது என்பதே யாருக்கும் நினைவில்லை. டீ வந்தால் முதல் டம்ளர் முக்காலிக்குப் போனது. பெரியவளின் புருஷன் ஒருநாள் குழலை வாங்கிக் கண்ணில் வைத்துப் பார்த்து, "அடேயப்பா, வானம் மாதிரி என்ன நீலம்" என்று சின்னவளிடம் சொல்லி வியந்தான். பழம் நாக்கில் படும்போது எப்படி இருக்கும் என்று இத்தனை வருஷத்தில் ஒரு தடவை கேட்டதில்லை அந்த மனுஷன். அன்றைக்கு ராத்திரிச் சோற்றில் அவனுக்கு உப்பு கூடிப்போனது. கை தவறிவிட்டது என்று சொன்னாள்.

இன்னொரு நாள் இரண்டு பழங்கள் ஒரே எண் காட்டின. ஒன்று தேனாக இருந்தது, மற்றது சப்பென்று இருந்தது. மாமனாருக்கு ஒரே குழப்பம். சின்னவள் பொறுமையாக விளக்கினாள். சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்பது வேறு, நாக்குக்கு எவ்வளவு தெரிகிறது என்பது வேறு. புளிப்பு கூட இருந்தால் இனிப்பு அதில் மறைந்துவிடும். ஜில்லென்று இருந்தாலும் நாக்குக்கு உறைக்காது, வெயிலில் கிடந்த பழம் கூடுதலாக இனிக்கிற மாதிரி தோன்றும். மாமனார் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "பாத்தியா, எவ்வளவு விஷயம் இருக்கு" என்று பெரியவளைப் பார்த்துச் சொன்னார். அத்தனையும் பெரியவளுக்குத் தெரிந்த விஷயம்தான். அதனால்தான் விடியற்காலைக் குளிரில் அறுத்த துண்டை உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு வாயில் போடுவாள். ஆனால் அதைச் சொல்லவேண்டிய விஷயம் என்று அவள் நினைத்ததில்லை. சொன்னவளுக்குப் பேர், செய்தவளுக்கு ஒன்றுமில்லை என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

உண்மையிலேயே எரிந்தது கிழக்குப் பாத்தியின் பழம் கம்பெனிக்குப் போன அன்றைக்கு. அந்தப் பாத்தியை ஒரு வாரம் இரண்டு பேரும் சோதித்தார்கள். பெரியவள் பழைய வழக்கப்படி முதலில் தன் வாயில் வைத்துப் பார்ப்பாள். ஆகாத துண்டு வேலிக்கு அந்தப் பக்கம் பறந்துவிடும். ஆன துண்டைத்தான் சின்னவள் கையில் கொடுப்பாள். சின்னவள் பிழிந்தால் பன்னிரண்டு, பன்னிரண்டரை, பதின்மூன்று. கம்பெனிக்காரர் வந்தார், தன் குழலில் பார்த்தார், பதிவேட்டையும் பார்த்தார். ஒரு பழம்கூடத் தப்பவில்லை என்று சின்னவளைப் பாராட்டினார். "உங்க வீட்டுல ஒரு ஆபீசரே இருக்காங்க" என்றார். மாமனார் தானே அந்தப் பாராட்டைப் பெற்றதுபோல் நெளிந்தார். ஆகாததையெல்லாம் முன்னாலேயே கழித்துவிட்டு ஆனதை மட்டும் எடுத்துக் கொடுத்தது யார்? குழல் என்ன, தோட்டம் முழுக்க நடந்து பொறுக்கியதா? யாராவது கேட்பார்கள் என்று பெரியவள் பார்த்தாள். ஒருவரும் கேட்கவில்லை. பழத்தோலைக் கூடையில் அள்ளிக்கொண்டு போய்க் கொட்டினாள்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ஒரு முலாம்பழத்துக்குள் இனிப்பு ஒரே சீராக இருப்பதில்லை. பூ உதிர்ந்த அடிப்பக்கம் கூடுதலாக இருக்கும், காம்புப் பக்கம் குறைவு. விதைக்குழியை ஒட்டிக் கூடுதல், தோலை ஒட்டிக் குறைவு. ஒரே பழத்தில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஐந்தாறு புள்ளி வித்தியாசம் வரும். பெரியவளுக்கு இதைப் புத்தகம் சொல்லித் தரவில்லை, மாமியார் சொல்லித் தந்தாள். வாயால் அல்ல. புது மருமகளாக வந்த கோடையில் மாமியார் பழத்தைக் குறுக்கே இரண்டாக வெட்டுவாள். அடிப்பாதி மகன்களுக்குப் போகும், காம்புப் பாதி மருமகளுக்கு. மூன்று கோடை காம்புப் பாதியையே தின்றவளுக்கு ஒருநாள் தவறுதலாக அடிப்பாதி கிடைத்தபோதுதான் சங்கதி விளங்கியது. அழுகையும் வந்தது, கூடவே ஒரு புத்தியும் வந்தது. காம்புப் பக்கம் இனித்துவிட்டால் பழம் முழுக்க இனிக்கும். அன்றிலிருந்து அவள் சோதிப்பது காம்புப் பக்கத்தில் மட்டும்தான். அவள் சொல் பிசகாததன் ரகசியம் அவ்வளவுதான். புருஷனுக்குக்கூடச் சொன்னதில்லை.

சின்னவள் வருவதற்குள் மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளுக்கு யாரும் காம்புப் பாதி வைக்கவில்லை. ஆலையில் அவளுக்கு வந்ததெல்லாம் முழுப் பழத்தையும் அரைத்து வடிகட்டிப் புட்டியில் அடைத்த சாறு. எந்தப் புட்டியில் எடுத்தாலும் ஒரே எண். பழத்துக்குப் பக்கம் உண்டு என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியவே தெரியாது. கையில் எதைக் கொடுத்தாலும் பிழிந்தாள்.

மேற்குப் பாத்தி முறை வந்தபோது வானம் கறுத்தது. பருவம் தப்பிய மேகம். பத்து நாளாகத் தண்ணீர் நிறுத்திக் கொடியை வாட விட்டிருந்தார்கள், அப்போதுதான் இனிப்பு ஏறும். இந்த நேரத்தில் மழை பெய்தால் பழம் தண்ணீரைக் குடித்து ஊதும், வெடிக்கும், சப்பென்று ஆகிவிடும். மாமனார் மேற்கே பார்ப்பதும் பாத்தியைப் பார்ப்பதுமாக நிலைகொள்ளாமல் நடந்தார். காற்று அடங்கிப் புழுங்கியது. இலைகள் அசையவே இல்லை.

பெரியவள் முதல் பழத்தைக் காம்புப் பக்கம் சீவி வாயில் வைத்தாள். ஆகவில்லை. குறைந்தது ஐந்து நாள் ஆகும். மேல்தோல் வெளுத்து வலை பின்னி, பார்வைக்கு ஆனதுபோல் மயக்கியது. வாசனைகூட லேசாக வந்துவிட்டது. ஆனால் உள்ளே இல்லை. வழக்கப்படி துண்டை வீசிவிட்டு எழுந்திருக்க வேண்டியதுதான்.

"சின்னவளே, எத்தனைன்னு பாரும்மா சீக்கிரம்" என்று மாமனார் வரப்பிலிருந்து குரல் கொடுத்தார்.

அந்தக் குரல் சின்னவளைத் தேடிப் போனதுதான் பெரியவளுக்குச் சுருக்கென்று தைத்தது. தன்னைக் கேட்கட்டும், ஒரு வார்த்தை கேட்கட்டும், உள்ளதைச் சொல்லிவிடுகிறேன் என்று மனசுக்குள் பேரம் பேசினாள். கேட்காவிட்டால் நான் ஏன் வாயைத் திறக்க வேண்டும்? குழல் சொல்லட்டும், ஆபீசர் எழுதட்டும். பழத்தைத் திருப்பினாள். அடிப்பக்கத்தில், விதைக்குழியை ஒட்டி, கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு துண்டு எடுத்தாள். சின்னவள் கையை நீட்டிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தபடி நின்றாள். பெரியவள் துண்டை அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

"பதிமூணு மாமா" என்றாள் சின்னவள்.

மாமனார் பெரியவளைப் பார்த்தார், துண்டு போன கையைப் பார்த்தார், "அப்ப சரி" என்றார். அவ்வளவுதான். இன்னும் ஐந்து பழம் பார்த்தார்கள், ஐந்திலும் அடிப்பக்கம். ஐந்தும் பன்னிரண்டுக்கு மேல். ஆட்களுக்குச் சொல்லி அனுப்பினார். மத்தியானத்துக்குள் கத்தியோடு ஏழு பேர் பாத்தியில் இறங்கிவிட்டார்கள்.

அப்போதும் நேரம் இருந்தது. பெரியவள் வரப்பில் தண்ணீர்க் குடத்தோடு நின்றாள். பழத்தில் ஏறும் இனிப்பு முழுக்க இலை காய்ச்சிக் கொடி வழியாக அனுப்புவது. காம்பு அறுந்த அந்த நிமிஷத்தோடு வரத்து நின்றுவிடும். அதற்கப்புறம் முலாம்பழம் நிறம் மாறும், குழையும், மணக்கும், ஆனால் ஒரு புள்ளி கூடாது. இது அந்த ஏழு பேருக்கும்கூடத் தெரியும். மாமனார் அந்தப் பக்கம் இரண்டு தடவை வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். ஆச்சா என்று கேட்கவில்லை. அவளும் வாய் திறக்கவில்லை. சாயங்காலத்துக்குள் பாத்தியில் பாதி காலியாகிக் கொட்டகையில் குவிந்துவிட்டது.

மழை வரவில்லை. மேகம் அப்படியே தெற்கே நகர்ந்து போய்விட்டது.

மறுநாள் காலை கம்பெனிக்காரர் லாரி ஏற்றுவதற்கு முன்னால் சோதிக்க வந்தார். குவியலில் ஒரு பழத்தை எடுத்துக் காம்பிலிருந்து அடிவரை நெட்டுவாக்கில் ஒரு கீற்று அறுத்து, கீற்று முழுவதையும் துணியில் வைத்துப் பிழிந்தார். குழலைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்துக் குழலைத் துடைத்து மறுபடி பார்த்தார். எட்டரை. அடுத்த பழம் ஒன்பது. அதற்கடுத்தது எட்டு. சின்னவள் பதிவேட்டைத் திறந்து, பதின்மூன்று என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள். அவர் சின்னவளின் குழலை வாங்கித் தண்ணீர் விட்டுப் பார்த்தார். பூஜ்யம். குழலில் குற்றமில்லை.

"ஏம்மா, குழல்ல பாத்துட்டு எழுதினீங்களா, எழுதிட்டுப் பாத்தீங்களா?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலாம்போல் இருந்தது.

சின்னவள் பதிவேட்டிலிருந்து விரலை எடுத்துக்கொண்டாள். காது மடல் சிவந்து போயிற்று. லாரியில் சாய்ந்து நின்ற அவள் புருஷன் தலையைக் குனிந்துகொண்டான். இந்தக் குவியல் வேண்டாம் என்றார் கம்பெனிக்காரர். கொடியில் இருக்கிற மீதிப் பாதிக்கு ஒரு வாரம் கழித்து வருகிறேன், அதுவும் இப்படி என்றால் பேச்சை இத்தோடு முடித்துக்கொள்ளலாம், பதிவேட்டை வேறு யாராவது எழுதட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆசைப்பட்டது அச்சு அசலாக நடந்துவிட்டது. பெரியவளுக்கு ஒரு கணம் உள்ளே குளிர்ந்ததும் நிஜம். அது நிலைக்கவில்லை. அடுப்படிக்குப் போய்க் கிழங்கை உரித்தாள், உரித்த கிழங்கையே மறுபடி உரித்தாள்.

மாமனார் வாசற்படியில் வந்து நின்றார். ஒரே காலையில் மனிதர் தளர்ந்து போயிருந்தார். சின்னவளைத் திட்டவில்லை என்றும், சின்னப் பெண், பயத்தில் எங்கோ தப்பு செய்திருப்பாள் என்றும் சொன்னார். இனிமேல் குழலையும் பெரியவளே பார்க்கட்டும், பழையபடி இருக்கட்டும் என்றார். பத்தொன்பது வருஷத்துச் சொத்து வாசல் தேடித் திரும்பி வந்து நின்றது. அவள் கையில் பாதி உரித்த கிழங்கு இருந்தது.

"மாமா, அன்னிக்கி மேக்குப் பாத்தியில என்னை ஏன் கேக்கல?"

அவருக்குப் புரியவில்லை. "எதை?"

"எப்பவும் கேப்பீங்களே. ஆச்சான்னு. குழல் வந்ததுலேருந்து ஒருநாள்கூடக் கேக்கலையே."

"கேக்கலையா?" அவர் யோசித்தார். "நீதானேம்மா துண்டெடுத்து அவ கையில குடுத்த. ஆகலன்னா வீசிட்டு எந்திரிச்சிடுவ. நீ குடுத்துட்டா ஆச்சுன்னுதானே அர்த்தம். அந்த எண்ணு என்ன, கம்பெனிக்காரன் கேக்கறான்னு எழுதறது. உன் கையைப் பாத்துட்டுத்தான் நான் ஆளுக்கே சொல்லி அனுப்பினேன். கையால சொன்னப்புறம் வாயால வேற கேக்கணுமா?"

அவள் கிழங்கைக் கீழே வைத்தாள். தினமும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அவளும் தினமும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். முதல் தடவையாகப் பொய் சொன்னதும் அங்கேதான்.

கொட்டகையில் சின்னவள் குவியலுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். முக்காலி ஓரமாகக் கிடந்தது. கைக்குக் கிடைத்த பழத்தையெல்லாம் கிடைத்த இடத்தில் அறுத்துப் பிழிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு, பதினொன்று, ஒன்பது, பன்னிரண்டு. தகரக் கூரை சூடேறி, அறுத்த பழத்தின் வாடை மூச்சை முட்டியது. ஈ மொய்த்தது. "எனக்கு ஒண்ணும் புரியலக்கா. ஒரே பழம், ரெண்டு தடவை பாத்தா ரெண்டு விதமா காட்டுது. கண்ணுதான் கெட்டுப்போச்சோ என்னமோ" என்றாள். கண் அழுது வீங்கியிருந்தது.

பெரியவள் எதிரில் உட்கார்ந்தாள். ஒரு முழுப் பழத்தை எடுத்தாள். காம்புப் பக்கம் ஒரு துண்டு, அடிப்பக்கம் ஒரு துண்டு. இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக நீட்டினாள். சின்னவள் பிழிந்து பார்த்தாள். ஏழரை. கண்ணாடியைக் கழுவித் துடைத்து மற்றதைப் பார்த்தாள். பதின்மூன்று. குழலை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு அறுபட்ட பழத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எனக்கு நீங்க குடுத்ததெல்லாம் அடிப்பக்கமா?"

"கிழக்குப் பாத்தியில காம்புப் பக்கம். மேக்குப் பாத்தியில அடிப்பக்கம்."

"தெரிஞ்சா குடுத்தீங்க?"

"தெரிஞ்சுதான். உன்னைத் தூக்கித் தலையில வெச்சுக்கிட்டாங்கன்னு எனக்குப் பொறுக்கல."

சின்னவள் அழுவாள், கத்துவாள் என்று பெரியவள் எதிர்பார்த்தாள். அதற்கு அவளிடம் பதில் இருந்தது, எந்தச் சண்டைக்கும் அவளிடம் பதில் இருக்கும். சின்னவள் சண்டைக்கு வரவில்லை.

"நான் குழலைப் பாத்துச் சொல்றேன்னுதானே எல்லாரும் நெனச்சீங்க. நான் முதல்ல உங்க மூஞ்சியைத்தான் பாப்பேன். கையில துண்டை வெக்கும்போது உங்க மூஞ்சி எப்படி இருக்குன்னு பாப்பேன். அதுல ஆச்சுன்னு தெரிஞ்சாத்தான் எனக்குக் கை நடுங்காது. இந்த வீட்டுல எனக்குப் பாக்கறதுக்கு வேற எந்த மூஞ்சி இருக்கு? அவர் லாரியில இருக்காரு. மாமாவுக்கு எண்ணு போதும்." குழலைப் பதிவேட்டின் மேல் வைத்தாள். "அன்னிக்கும் பாத்தேன். நல்லாத்தான் வெச்சிருந்தீங்க."

பெரியவள் அறுத்த துண்டுகளைக் கூடையில் அள்ளிக்கொண்டு எழுந்தாள்.

மத்தியானச் சாப்பாட்டில் எல்லோரும் உட்கார்ந்ததும் நின்றபடியே சொன்னாள். பழத்தில் எங்கே எப்படி அறுத்தாள், எதற்காக அறுத்தாள் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். சின்னவள் எழுதியதில் ஒரு எண்கூடப் பொய்யில்லை, துண்டுதான் பொய் என்றாள். புருஷன் பிசைந்த சோற்றில் கையை வைத்தபடி அவளை யாரோ போலப் பார்த்தான். மாமனார் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போய்க் கை கழுவினார். திட்டமாட்டாரா என்று இருந்தது அவளுக்கு. அவர் போனை எடுத்துக் கம்பெனிக்காரருக்கு விஷயத்தைச் சொல்லி, எண் எழுதிய பெண் மேல் தப்பில்லை என்றார். மறுமுனையில் அவர் சிரித்தாரோ சலித்துக்கொண்டாரோ தெரியவில்லை. எழுதுகிறவளை மாற்ற வேண்டாம், அறுக்கிறவளை மாற்றுங்கள் என்றாராம்.

மறுநாள் விடிந்ததும் சின்னவள் கத்தி, குழல், பதிவேடு மூன்றையும் தானே எடுத்துக்கொண்டு மேற்குப் பாத்தியின் மீதிப் பாதிக்குப் போனாள். யாரும் வரச் சொல்லாமலே பெரியவள் பின்னால் போனாள். பனி காயவில்லை, கொடிகள் சேலை ஓரத்தை நனைத்தன. சின்னவள் ஒரு பழத்தின் முன்னால் குந்தினாள். பெரியவள் எதிரில் குந்தினாள். சின்னவள் காம்பில் ஆரம்பித்து அடிவரை நெட்டுவாக்கில் ஒரு கீற்று அறுத்தாள். கை புதுசு, கீற்று கோணலாக வந்தது. விதைக்குழியில் ஒரு இடத்தில் கத்தி ஆழமாக இறங்கிவிட்டது. எப்படிப் பிடிக்க வேண்டும் என்று பெரியவளுக்கு வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டாள். இந்த நேரத்திலும் அந்தக் கையின் மேல் பொறாமையாகத்தான் இருந்தது.

சின்னவள் கீற்றைப் பிழிந்து குழலில் பார்த்தாள். ஒன்பது. எழுதினாள். நகர்ந்து அடுத்த பழம். ஒன்பதரை. எழுதினாள். பெரியவளும் நகர்ந்தாள். அந்தப் பழத்தைப் பார்த்ததுமே, இன்னும் நாலு நாள் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததை உள்ளபடி முகத்தில் வைத்துக்கொண்டு, யார் வந்து பார்த்தாலும் படித்துக்கொள்ளலாம் என்பதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பத்துப் பழம், பதினைந்து பழம். வெயில் ஏறிப் பனி காய்ந்தது. பாத்தியின் கடைசிப் பழம்வரை போய்விட்டார்கள். சின்னவள் கத்தியைத் துடைத்தாள், குழலைக் கழுவினாள், பதிவேட்டை மூடிக்கொண்டு எழுந்து வீட்டைப் பார்த்து நடந்தாள். ஒரு தடவைகூட நிமிர்ந்து பெரியவள் முகத்தைப் பார்க்கவில்லை.